கடப்பாரையும் காத்திருப்பும்

புதிய கணினி விளையாட்டு ஒன்றுக்கு எழும் எதிர்பார்ப்பு பெரும்பாலும் தானாக முளைப்பதில்லை. அது விதைக்கப்பட்டு, நீர் பாய்ச்சப்பட்டு, வெளியீட்டு நாளன்று அறுவடை செய்யப்படுகிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2004-ஆம் ஆண்டில் ‘ஹேலோ 2’ என்ற அறிவியல் புனைவுச் சுடும் விளையாட்டை வெளியிடுவதற்கு முன், தேன் வியாபாரத்துக்கானது போலத் தோன்றும் ஓர் இணையதளம் உருவாக்கப்பட்டது. அதில் சிதறிக் கிடந்த குறிப்புகளைத் துப்புத் துலக்கியவர்கள், குறித்த நேரத்தில் குறித்த பொதுத் தொலைபேசிக்கு அருகே போய் நின்று, மணி அடித்ததும் எடுத்துப் பேசினால் கதையின் அடுத்த துண்டு கிடைக்கும்படி ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. நவம்பர் 9 அன்று விளையாட்டு கடைக்கு வந்தபோது, முதல் 24 மணி நேரத்தில் வட அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 12.5 கோடி டாலருக்கு விற்றது. எதிர்பார்ப்பை ஒரு தொழிலாகவே நடத்தினால் என்ன கிடைக்கும் என்பதற்கு அந்நாளில் அதைவிடத் தெளிவான சான்று இருக்கவில்லை.

அதற்கு ஒரு வாரம் கழித்து, நவம்பர் 16 அன்று, மற்றோர் அறிவியல் புனைவுத் தொடரின் இரண்டாம் பாகம் வெளிவந்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த வால்வ் நிறுவனத்தின் ‘ஹாஃப்-லைஃப் 2’ அது. அந்தத் தொடரின் மூன்றாம் பாகத்துக்கு இன்றுவரை முன்னோட்டக் காணொளி இல்லை, வெளியீட்டு நாள் இல்லை, முன்பதிவும் இல்லை. ஆயினும் அதற்கான எதிர்பார்ப்பு, விளம்பரத்தால் வளர்க்கப்பட்ட எந்த எதிர்பார்ப்பையும்விட நீண்ட ஆயுளோடு இருந்து வருகிறது. ஊட்டம் கிடைக்காத ஓர் ஆர்வம் எப்படி இத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்தது என்பதை அறிய, அந்தத் தொடர் தன் ரசிகர்களுக்கு எதைப் பழக்கிவிட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கதாநாயகனின் கண் வழியாகவே உலகம் தெரியும்படியும், திரையின் கீழ்ப்பகுதியில் அவனுடைய கையும் ஆயுதமும் மட்டும் தென்படும்படியும் அமைக்கப்படுவதை முதல் நபர் சுடும் விளையாட்டு என்பார்கள். 1993-இல் வந்த ‘டூம்’, 1996-இல் வந்த ‘க்வேக்’ ஆகியவை இந்த வகையை உலகெங்கும் பரப்பின. ஆனால் அவற்றில் கதை என்பது பெயரளவுக்குத்தான் இருந்தது. மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்துவிட்டு வெளியேறிய கேப் நியூவெல், மைக் ஹாரிங்டன் என்ற இருவர் 1996-இல் தொடங்கிய வால்வ், ‘க்வேக்’ விளையாட்டின் எஞ்சினை, அதாவது காட்சியையும் அசைவையும் ஒலியையும் இயக்கும் அடிப்படை மென்பொருளை, உரிமம் பெற்று வாங்கிப் பெரிதும் மாற்றி எழுதி, 1998 நவம்பரில் ‘ஹாஃப்-லைஃப்’ விளையாட்டை வெளியிட்டது. நியூ மெக்சிகோ பாலைவனத்துக்கு அடியில் உள்ள பிளாக் மெசா என்ற ஆய்வு மையத்தில் பணிபுரியும் கார்டன் ஃப்ரீமேன் என்ற இயற்பியலாளர், ஒரு சோதனை விபரீதமாகி வேற்றுலக உயிரினங்கள் உள்ளே புகுந்துவிட, கையில் கிடைத்த கடப்பாரையோடு உயிர் தப்ப முயல்வதுதான் கதை.

கதையைவிடச் சொல்லும் முறை புதியது. விளையாடுபவரின் கையிலிருந்து கட்டுப்பாட்டைப் பறித்துக்கொண்டு நடுவில் ஒரு குறும்படத்தைக் காட்டும் வழக்கம் அன்று பரவலாக இருந்தது. ‘ஹாஃப்-லைஃப்’ அதை அறவே தவிர்த்தது. தொடக்கத்தில் ஃப்ரீமேன் வேலைக்குப் போகும் நீண்ட டிராம் பயணம் முழுவதிலும் சுடுவதற்கு எதுவும் இல்லை. பார்ப்பதற்கும் கேட்பதற்கும்தான் நிறைய இருக்கிறது. கதாநாயகன் ஒரு சொல்லும் பேசுவதில்லை, காட்சி எங்கும் வெட்டப்படுவதில்லை, நடப்பதெல்லாம் விளையாடுபவரின் கண்ணெதிரே, அவர் நின்று பார்த்தாலும் பார்க்காமல் கடந்துபோனாலும், நடந்துகொண்டே இருக்கிறது. அறிவியல் புனைகதை எழுத்தாளரான மார்க் லெய்ட்லா இதற்குக் கதை எழுதினார்.

இந்த முதல் பாகம் உருவான விதத்தில் ஒரு செய்தி பின்னாளைய காத்திருப்புக்கெல்லாம் வித்தாக அமைந்தது. 1997-இன் இறுதியிலேயே வெளியிடத் திட்டமிடப்பட்டிருந்த விளையாட்டை, தாங்கள் செய்தது போதிய அளவு நன்றாக இல்லை என்று வால்வ் குழுவினரே முடிவு செய்து, நல்ல துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு ஏறக்குறைய முதலிலிருந்து மறுபடி கட்டினார்கள். ஓராண்டு தாமதம் ஆயிற்று. வந்தபோது அது அந்த ஆண்டின் மிகச் சிறந்த விளையாட்டாகப் பல இதழ்களால் கொண்டாடப்பட்டது. தாமதித்தால் தரம் கூடும் என்ற பாடத்தை நிறுவனமும் கற்றது, ரசிகர்களும் கற்றார்கள். அந்தப் பாடத்தை இரு தரப்பும் சற்று அதிகமாகவே நம்பிவிட்டதாகத் தோன்றுகிறது.

இரண்டாம் பாகம் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் இரகசியமாகவே உருவாகி, 2003 மே மாதம் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த ஈ3 கண்காட்சியில் முதன்முறையாகக் காட்டப்பட்டது. பலகை தண்ணீரில் மிதப்பது, பீப்பாய் சரிவில் உருள்வது என இயற்பியல் விதிகளுக்கு உட்பட்ட பொருள்களும், முகத் தசைகளின் அசைவு பற்றி உளவியலாளர் பால் எக்மன் செய்த ஆய்வுகளை அடிப்படையாகக் கொண்டு உயிர்பெற்ற முகங்களும் கூட்டத்தைத் திகைக்க வைத்தன. வெளியீட்டு நாள் அதே ஆண்டு செப்டம்பர் 30 என்று அறிவிக்கப்பட்டது; அந்த விளையாட்டைப் பின்னர் பெற்றுக்கொள்ளும் கூப்பனோடு ரேடியான் வரைகலை அட்டைகள்கூட விற்கப்பட்டன. நாள் வந்தது, விளையாட்டு வரவில்லை. சில நாள்களில் வேறொன்று வந்தது. நிறுவனத்தின் கணினி வலைக்குள் ஊடுருவிய ஒருவரால் திருடப்பட்ட மூலநிரல், அதாவது ஒரு மென்பொருள் எழுதப்பட்ட அசல் வடிவம், இணையத்தில் பரவியது. அதைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு, செப்டம்பரில் முடிந்துவிடும் என்று சொல்லப்பட்ட விளையாட்டு முடிவுக்கு வெகுதொலைவில் இருந்தது என்பதும் தெரிந்துபோயிற்று. நியூவெல் ரசிகர்களிடமே உதவி கேட்டு வெளிப்படையாக எழுதினார். ஊடுருவிய ஜெர்மானிய இளைஞர் அடுத்த ஆண்டு தம் நாட்டில் கைதாகி, பின்னர் நன்னடத்தை நிபந்தனையுடன் கூடிய தண்டனை பெற்றார்.

அந்த ஓராண்டில் வால்வின் நிலை இன்று நினைப்பதைவிட மோசமாக இருந்தது. வெளியீட்டாளரான விவெண்டி நிறுவனத்துடன் நடந்த வழக்கு பணத்தை விழுங்கிக்கொண்டிருந்தது; நிறுவனமும் அதன் தலைவரும் திவாலாகும் விளிம்புக்கே போனதைப் பிற்பாடு அவர்களே ஓர் ஆவணப்படத்தில் சொல்லியிருக்கிறார்கள். முடித்தே தீர வேண்டும் என்ற நெருக்கடியில் முடிக்கப்பட்ட விளையாட்டுதான் ‘ஹாஃப்-லைஃப் 2’. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்துக் கண்விழிக்கும் ஃப்ரீமேன், பூமியைக் கைப்பற்றிய ‘கம்பைன்’ என்ற அன்னியப் பேரரசின் பிடியில் உள்ள ‘சிட்டி 17’ நகரத்தில் இறங்குகிறார். பல்கேரியாவின் சோஃபியாவில் பிறந்த விக்டர் அன்டோனோவ் வடிவமைத்த அந்த நகரம், பழைய கிழக்கு ஐரோப்பியக் கட்டடங்களும் அவற்றைக் கடித்து உட்கொள்வது போல நிற்கும் அன்னிய உலோகச் சுவர்களுமாக, இந்த வகை விளையாட்டுகளில் அதற்கு முன் காணாத சோகத்தைக் கொண்டிருந்தது.

பின்னர் நீண்ட இடைவெளி வேண்டாம் என்று கருதிய வால்வ், கதையைச் சிறு சிறு அத்தியாயங்களாகத் தரப்போவதாக அறிவித்தது. ‘எபிசோட் ஒன்’ 2006 ஜூனிலும், ‘எபிசோட் டூ’ 2007 அக்டோபரிலும் வந்தன. மூன்றாவதும் 2007 முடிவதற்குள் வந்துவிடும் என்பதே முதலில் சொல்லப்பட்ட கணக்கு. காத்திருப்பைக் குறைக்க வகுக்கப்பட்ட திட்டம்தான் இத்தனை நீண்ட காத்திருப்பில் போய் நின்றது என்பதை எண்ணிப் பார்க்கையில் சிரிப்பு வராமல் இருப்பது கடினம். ‘எபிசோட் டூ’வின் இறுதிக் காட்சியில், நாயகி அலிக்ஸ் வான்ஸின் தந்தை ஈலை வான்ஸ் அவள் கண்ணெதிரே கொல்லப்படுகிறார், வடதுருவப் பனியில் கண்டறியப்பட்ட ‘போரியாலிஸ்’ என்ற மர்மக் கப்பலைத் தேடிப் புறப்பட இருந்தவர்கள் அப்படியே நிற்க, மகளின் அழுகுரலோடு திரை இருள்கிறது. வாரத் தொடர்கதையில் ‘தொடரும்’ என்று போட்டுவிட்டு, அடுத்த இதழே வராமல் போனதற்கு ஒப்பான நிலை அது.

முதல் இரண்டு, மூன்று ஆண்டுகள் ரசிகர்கள் பொறுமையாகவே இருந்தார்கள். முந்தைய தாமதங்கள் நல்ல பலனையே தந்திருந்தன அல்லவா? நிறுவனத்தின் மௌனம் நீண்டபோது எரிச்சலும் வேடிக்கையும் கலந்து வளர்ந்தன. ‘டீம் ஃபோர்ட்ரஸ் 2’, ‘லெஃப்ட் 4 டெட் 2’, ‘போர்ட்டல் 2’, ‘டோட்டா 2’ என வால்வின் தொடர்கள் எல்லாம் இரண்டோடு நின்றுவிட்டதால், அந்த நிறுவனத்துக்கு மூன்று வரை எண்ணத் தெரியாது என்ற கேலி பிறந்தது. எந்தச் சிறு செய்தியிலிருந்தும் விநோதமான கணக்குப் போட்டு மூன்று என்ற எண்ணை வரவழைத்து, ‘ஹாஃப்-லைஃப் 3 உறுதியாகிவிட்டது’ என்று அறிவிப்பது உலகளாவிய நகைச்சுவையாயிற்று. நியூவெல்லும் அதில் கலந்துகொண்டார். எல்லோரும் மறந்துவிட்ட ‘ரிகோஷெ’ என்ற தம் சிறிய பழைய விளையாட்டின் இரண்டாம் பாகத்தைப் பற்றிப் பேசுவதாகப் பாவனை செய்து, யாரும் பெயர் சொல்லாத அந்த மற்றொன்றைப் பற்றிப் பேசினார். எதிர்ப்பிலும் ஒரு நயம் இருந்தது: 2012 பிப்ரவரி 4 அன்று, ‘எங்களோடு பேசுங்கள்’ என்பதை மட்டும் கோரிக்கையாக வைத்து, 13,000-க்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில் ‘ஹாஃப்-லைஃப் 2’ விளையாடினார்கள். புறக்கணிப்பதற்கு மாறாகக் கூடி விளையாடுவதையே போராட்டமாக்கிய கூட்டம் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காது.

வால்வ் ஏன் வாய் திறக்கவில்லை? முதல் காரணம் பணம். அதாவது பணத்தின் தேவையின்மை. 2003-இல் தொடங்கப்பட்டு, பின்னர் ‘ஹாஃப்-லைஃப் 2’ விளையாட விரும்பிய ஒவ்வொருவரும் கட்டாயம் நிறுவ வேண்டியிருந்த ‘ஸ்டீம்’ என்ற மென்பொருள், சில ஆண்டுகளில் கணினி விளையாட்டுகளின் உலகச் சந்தையாகவே மாறியது. அங்கு விற்கும் பிற நிறுவனங்களின் விளையாட்டுகளிலிருந்து வழக்கமாக 30 விழுக்காட்டுப் பங்கு வால்வுக்குச் சேர்கிறது. பங்குச் சந்தையில் இல்லாத, வெளியீட்டாளரைச் சார்ந்திராத அந்த நிறுவனத்தை அவசரப்படுத்த இனி யாராலும் முடியாது. ரசிகர்கள் ஆவலோடு நிறுவிய மென்பொருளே, அவர்கள் ஆவலை அலட்சியப்படுத்தும் வசதியை நிறுவனத்துக்குக் கொடுத்தது எனலாம். இதோடு வால்வின் உள்ளமைப்பும் சேர்ந்துகொள்கிறது. 2012-இல் வெளியே கசிந்த அதன் பணியாளர் கையேட்டின்படி, அங்கே மேலதிகாரி என்று ஒருவர் கிடையாது. சக்கரம் வைத்த மேசையைத் தள்ளிக்கொண்டு போய், தாம் விரும்பும் வேலைக்குழுவோடு எவரும் சேர்ந்துகொள்ளலாம். யாரும் தள்ளிக்கொண்டு போகாத வேலை அங்கே தானாகவே நின்றுவிடும்.

ஆனால் இவ்விரண்டும் புறக் காரணங்கள். உண்மையான தடை அந்தத் தொடரின் இயல்பிலேயே இருக்கிறது. முதல் பாகம் கதை சொல்லும் முறையை மாற்றியது. இரண்டாவது பொருள்களின் இயற்பியலையும் முகங்களையும் விளையாட்டுக்குள் கொண்டுவந்தது. ஆகவே ‘ஹாஃப்-லைஃப்’ என்ற பெயரில் வரும் எதுவும் துறையையே ஓரடி முன்னே தள்ள வேண்டும் என்ற கட்டாயம் உள்ளேயும் வெளியேயும் உறுதிப்பட்டுவிட்டது. இரண்டாம் பாகத்தின் இருபதாம் ஆண்டை ஒட்டி 2024 நவம்பரில் வால்வ் வெளியிட்ட ஆவணப்படத்தில், கைவிடப்பட்ட மூன்றாம் எபிசோடின் சில காட்சிகள் முதன்முறையாகக் காட்டப்பட்டன: பனிக்கட்டியை உருவாக்கி வழியும் தடுப்பும் அமைத்துக்கொள்ளும் ஒரு துப்பாக்கி, கூழ் போல உருவம் மாறி எல்லாவற்றையும் விழுங்கிச் செல்லும் ஓர் உயிரினம். குழுவினர் ‘லெஃப்ட் 4 டெட்’ விளையாட்டை முடிக்க உதவப் போய், திரும்பி வந்தபோது காலம் கடந்துவிட்டது போன்ற உணர்வு ஏற்பட்டதென்று அதில் சொல்கிறார்கள். கதையை அடுத்த கட்டத்துக்கு நகர்த்துவதற்காக மட்டும் ஒரு விளையாட்டை வெளியிடுவது விளையாடுவோருக்குச் செய்ய வேண்டிய கடமையிலிருந்து நழுவுவதாகும் என்றும், அந்த எபிசோடு எதை முன்னே தள்ளும் என்ற கேள்விக்குத் தம்மிடம் விடை இருக்கவில்லை என்றும் நியூவெல் கூறுகிறார்.

இந்த விளக்கம் நேர்மையானது, ஆனால் முழுமையானதன்று. ஈலை வான்ஸின் மரணத்துக்குப் பிறகு ரசிகர்களில் பெரும்பாலோர் கேட்டது புதிய தொழில்நுட்பத்தை அன்று, முடிவு பெறாத ஒரு கதையின் முடிவைத்தான். பனித் துப்பாக்கியும் கூழ் உயிரினமும் அதற்குப் போதுமானவையாகவே இருந்திருக்கும். ஆண்டுகள் ஏற ஏற எதிர்பார்ப்பும் ஏறியது, எதிர்பார்ப்பு ஏற ஏறச் சாதாரணமான நல்ல விளையாட்டு ஒன்றை வெளியிடும் துணிச்சல் குறைந்தது, அதனால் மேலும் ஆண்டுகள் ஏறின.

நிறுவனம் விட்ட இடத்தை ரசிகர்கள் சும்மா விட்டுவைக்கவில்லை. ஒரு விளையாட்டின் எஞ்சினை வைத்துக்கொண்டு ரசிகர்களே உருவாக்கும் மாற்று வடிவத்தை ‘மாட்’ என்பார்கள். உலகப் புகழ்பெற்ற ‘கவுண்டர்-ஸ்ட்ரைக்’ 1999-இல் ‘ஹாஃப்-லைஃப்’ விளையாட்டின் மாட் ஆகத்தான் பிறந்தது. அந்த மரபில் வந்த தன்னார்வலர் குழு ஒன்று முதல் பாகத்தை முழுவதும் புதிதாகச் செய்யத் தொடங்கி, ‘பிளாக் மெசா’ என்ற பெயரில் 2012-இல் பெரும்பகுதியை இலவசமாக வெளியிட்டு, அசலில் பலவீனமான பகுதி என்று பலரும் கருதிய இறுதி அத்தியாயங்களையும் விரிவாகத் திருத்தி அமைத்து, 2020 மார்ச்சில் முழு வடிவத்தை முடித்தது. அதை விலைக்கு விற்கவும் வால்வ் அனுமதி கொடுத்தது. நிறுவனத்தைவிட்டு 2016-இல் விலகிய லெய்ட்லா, அடுத்த ஆண்டு ஆகஸ்டில், பாத்திரங்களின் பெயர்களையும் ஆண் பெண் அடையாளங்களையும் மாற்றி, போரியாலிஸ் கப்பலில் முடியும் ஒரு கதைச் சுருக்கத்தைக் கடித வடிவில் வெளியிட்டார். மூன்றாம் எபிசோடின் கதை இதுதான் என்று உலகம் எடுத்துக்கொண்டது. கோபமடைந்த சிலர் சம்பந்தமே இல்லாத ‘டோட்டா 2’ விளையாட்டுக்கு மோசமான மதிப்புரைகளை எழுதிக் குவித்தார்கள். வேறு சிலர் அந்தக் கடிதத்தை விளையாட்டாகவே செய்துவிட ‘புராஜெக்ட் போரியாலிஸ்’ என்ற குழுவை அமைத்தார்கள். அதை வெளியிட்டிருக்க வேண்டியதில்லை என்று லெய்ட்லா பின்னர் வருந்தினார். பழைய தோழர்களின் கைகளை அவர் கட்டிவிட்டார் என்பதைப் பார்க்கும்போது, அந்த வருத்தத்தில் நியாயம் உண்டு.

2020 மார்ச் 23 அன்று, ‘எபிசோட் டூ’வுக்குப் பிந்தைய பதின்மூன்றாவது ஆண்டில், ‘ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்’ வந்தது. கண்ணை மூடும் கருவியை அணிந்து, உலகத்துக்குள்ளேயே நிற்பது போல உணரும் மெய்நிகர் தொழில்நுட்பத்துக்காக மட்டும் செய்யப்பட்ட அந்த விளையாட்டு, இரண்டாம் பாகத்துக்கு ஐந்து ஆண்டுகள் முன்னர் நடக்கும் கதை. விமர்சகர்கள் போற்றினார்கள், ஆனால் வால்வின் சொந்தக் கருவித் தொகுப்பு 999 டாலர் விலையில் இருந்தபோது, பழைய ரசிகர்களில் பலர் அதை மற்றவர்கள் விளையாடும் காணொளிகளில்தான் கண்டார்கள். அதன் இறுதிப் பகுதியில் வால்வ் ஒரு துணிச்சலான காரியம் செய்தது. காலத்தைத் தன் விருப்பப்படி வளைக்கும் மர்ம மனிதரான ‘ஜி-மேன்’, எதிர்காலத்தில் நிகழும் தந்தையின் சாவை அலிக்ஸுக்குக் காட்டி, அதைத் தடுக்க வாய்ப்பளித்து, அதற்கு விலையாக அவளையே கவர்ந்துகொள்கிறார். பிறகு 2007-இல் திரை இருண்ட அதே கூடத்தில் காட்சி திறக்கிறது. ஈலை உயிரோடு இருக்கிறார், மகள் இல்லை, அவர் ஃப்ரீமேனிடம் கடப்பாரையை நீட்டுகிறார். பழைய முடிச்சை அவிழ்ப்பதற்குப் பதிலாக அதே இடத்தில் புதிய முடிச்சு ஒன்று போடப்பட்டது. லெய்ட்லாவின் கடிதமும் ஒரே காட்சியில் செல்லாததாயிற்று.

வாக்களித்த வேகத்தில் வெளிவராத விளையாட்டுகளுக்கு ஓர் எச்சரிக்கை உதாரணம் எப்போதும் சொல்லப்படும்: 1997-இல் அறிவிக்கப்பட்ட ‘டியூக் நியூக்கம் ஃபாரெவர்’, பல முறை எஞ்சின் மாற்றி, கை மாறி, 2011-இல் வந்தபோது விமர்சகர்களின் ஏளனத்தையே பெற்றது. வால்வின் வழி அதற்கு நேர் எதிரானது. தயாராகாததை அது இப்போதெல்லாம் அறிவிப்பதே இல்லை. ஆகவே ரசிகர்களின் ஆர்வம் முழுவதும் இப்போது கோப்புகளைக் கிளறுவதில் குவிந்திருக்கிறது. வால்வின் அண்மைக்கால விளையாட்டுகள் ‘சோர்ஸ் 2’ என்ற ஒரே எஞ்சினில் இயங்குவதால், ‘டோட்டா 2’ அல்லது ‘டெட்லாக்’ விளையாட்டின் புதுப்பிப்பு ஒன்று வரும்போது, வேறு திட்டத்துக்காக எழுதப்பட்ட சொற்களும் குறியீடுகளும் தவறுதலாக அதோடு வந்துவிடுவதுண்டு. அவற்றைத் தேடிப் பிரித்துப் பொருள் காண்பதைத் தரவு அகழ்வு என்கிறார்கள். அடுத்த ‘ஹாஃப்-லைஃப்’ விளையாட்டைச் சுட்டுவதாக ரசிகர்கள் கருதும் ‘எச்எல்எக்ஸ்’ என்ற குறிப்பு அப்படித்தான் கிடைத்தது. 2024-இன் கடைசி நாளில் ஜி-மேனுக்குக் குரல் கொடுத்த நடிகர் மைக் ஷபீரோ எதிர்பாராத ஆச்சரியங்கள் பற்றி ஒரு வாழ்த்து வெளியிட்டதும், அந்தக் குறிப்போடு அதுவும் சேர்த்துப் படிக்கப்பட்டது. 2025 நவம்பரில் வால்வ் புதிய விளையாட்டுக் கருவிகளை அறிவித்தபோது விளையாட்டும் உடன் வரும் என்று பலர் விழித்திருந்தார்கள். அந்த அறிவிப்பில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அகழ்பவர்கள் கற்பனையில் மிதப்பவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. 2010-களின் நடுப்பகுதியிலும் இதே போல மூன்றாம் பாகத்தைச் சுட்டும் குறிப்புகள் கோப்புகளில் கிடைத்தன. அப்போது பலரும் சிரித்தார்கள். ‘அலிக்ஸ்’ உருவான கதையைச் செய்தியாளர் ஜெஃப் கீலி 2020-இல் விரிவாக எழுதியபோது, 2013, 2014 ஆண்டுகளில் மூன்றாம் பாகம் ஒன்று வால்வில் உண்மையாகவே செய்யப்பட்டு வந்தது என்பதும், சோர்ஸ் 2 எஞ்சின் அப்போது முழுமை அடையாததால் அது கைவிடப்பட்டது என்பதும் வெளியாயின. குறிப்புகளைக் கண்டவர்கள் சரியாகத்தான் படித்திருந்தார்கள். அது நிறுத்தப்பட்டதை மட்டும் எந்தக் கோப்பும் அவர்களுக்குச் சொல்லவில்லை.